ஏரியைச் சுற்றி ஓடப் போகிறவர்களுக்கு

(போடிநாயக்கனூரில் நடந்த வாலிபர் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள் சார்பில் கொடுக்கப்பட்ட உரை. பங்காளர் குடும்பங்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்பி இங்கே அச்சிடுகிறோம்.)

 

நம்முடைய வாலிபர்களில் சிலர் மலைப்பாதையில் ஓடப் பழகி வருகிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், இப்போது கண்ணெதிரே நிற்கிற மலையைப் பார்க்கிறார்கள். முந்தலிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக ஆனையிறங்கல் ஏரிக்கரைக்குப் போய், சூரியநெல்லி, கொழுக்குமலை என்று ஒரு வட்டம் அடித்து, குரங்கணி வழியாக மறுபடியும் போடிக்கே இறங்கி வரவேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஒரே நாளில் அல்ல. துண்டு துண்டாக, நாள் கணக்கு வைத்துச் செய்யலாம் என்கிறார்கள்.

பெற்றோரில் சிலர் எங்களிடம் வந்து, "ஆஸ்பத்திரிக்காரர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. குரங்கணி என்ற பெயரைக் கேட்டால் பயப்படாத தாய் தேனி மாவட்டத்தில் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் முப்பது வயதிலேயே வந்து நிற்கிற இந்த நாட்களில், ஓடுகிற பிள்ளைகளைத் தடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எப்படிப் போனால் திரும்பி வரலாம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். அதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: மலையில் ஓடுகிறவனுக்குக் கால் வேண்டும், அதைவிட முக்கியமாக, அந்த மலையில் குடியிருக்கிறவர்கள் சொல்வதைக் கேட்கிற காது வேண்டும்.

முதலாவது, இந்தப் பாதைகள் யாருடையவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் ஓடப் போகிற தடத்தை உங்களுக்கு முன்னே ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து தேய்த்திருக்கிறார்கள். விளையாட்டுக்காக அல்ல, வயிற்றுக்காக. ஜீப்பும் பஸ்ஸும் வருமுன்னே நம்முடைய பாட்டன் பாட்டிமார் முந்தல் வழியாகவும், தேவாரத்துக்கு மேலே சாக்குலத்து மெட்டு வழியாகவும் ஏலத் தோட்டங்களுக்கு ஏறினார்கள். அரிசி மூட்டை தலையில், கைக்குழந்தை இடுப்பில். இன்றைக்கும் விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கிக்கொண்டு மெட்டு ஏறி, ஏலக்காய் பறித்து, இருட்டுகிற நேரத்தில் இறங்கி வருகிற தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்துகிற மின்னணு ஏலத்தில் விலை போகிற ஒவ்வொரு காயும் ஒரு பெண்ணின் விரல் பட்டு வந்ததுதான்.

மூணாறுப் பக்கத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது சிறிய ரயிலாக மாறியது. அந்த ரயில் மேலே வந்து நின்ற இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்று வழியாகத் தொங்கி, செங்குத்தாகக் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு வண்டியில் போடிக்கு வந்து, கடல் கடந்து இங்கிலாந்து வரை போயின. 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலையே அடித்துக்கொண்டு போயிற்று. ரயில் அழிந்த பிறகும் டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மலைமேல் தங்கிவிட்டது. பாதி வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு குடியிருப்பும் இருக்கிறது. அங்கே போய் ரயிலைத் தேடாதீர்கள். நம்முடைய போடிக்கோ 1928-ல் ரயில் வந்தது. அகலப் பாதை போடுவதற்காகப் பல வருஷம் நின்றுபோய், 2023 ஜூன் மாதம் மறுபடியும் வந்திருக்கிறது. ஆகவே இனிமேல் வெளியூர் ஓட்டக்காரர்களும் ஷூவைக் கட்டிக்கொண்டு நேராக இங்கே வந்து இறங்குவார்கள்.

இதை ஏன் சொல்லுகிறோம்? ஆள் இல்லாத காடு என்று நினைத்துக்கொண்டு நீங்கள் போகக்கூடாது. குரங்கணியிலும் கொட்டகுடியிலும் முதுவாக்குடியிலும் இருக்கிறவர்களுக்கு அது வீட்டு வாசல். எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்தப் பாறை பனியில் வழுக்கும், எந்தப் பக்கம் புகை தெரிந்தால் எந்தப் பக்கம் நகரவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கையிலிருக்கிற போனில் தெரிகிற கோடு அந்த விவரங்களைச் சொல்லாது. மேலும் மலைச்சரிவில் பாதி இடங்களில் போனுக்கு சிக்னலும் கிடைக்காது.

இரண்டாவது, அந்த ஏரியைப் பற்றி.

கொடைக்கானல் ஏரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் உண்டாக்கின ஏரி அது. ஐந்து கிலோமீட்டர் வட்டம். நல்ல தார் ரோடு. வழிநெடுகச் சோளமும் டீயும் கிடைக்கும். ஏரியைச் சுற்றி ஓடுவது என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஆனையிறங்கலுக்குப் போகாதீர்கள்.

ஆனையிறங்கல் என்பது பன்னியாற்றின் குறுக்கே 1960-களில் மின்சாரத்துக்காகக் கட்டின மண் அணை. அதன் நீர் ஒரு கை விரல்களைப் போலப் பள்ளம் பள்ளமாகப் புகுந்து கிடக்கிறது. கண்ணுக்கு அக்கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். கால் போய்ச் சேர ஒவ்வொரு விரலையும் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கரையின் ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம், மறுபக்கம் காடு. தோட்டத்துக்குள் நுழைய தோட்டக்காரர் அனுமதி வேண்டும்; காட்டுக்குள் நுழைய கேரள வனத்துறையின் அனுமதி வேண்டும். "யாரும் பார்க்கவில்லை" என்பது அனுமதி ஆகாது.

ஏரியின் பெயரையே கவனியுங்கள். ஆனை இறங்குகிற இடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அணை கட்டினது நாம்; தண்ணீருக்கு இறங்குகிற பழக்கம் அவைகளுடையது. இன்றும் சின்னக்கானல் பக்கத்து யானைகள் அங்கே இறங்கிக் குடிக்கின்றன, குளிக்கின்றன, சில சமயம் நீந்தி அக்கரைக்கே போகின்றன. அருகிலே 301 காலனி என்கிற பழங்குடியினர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே இரவில் கதவைத் திறக்கிறவர்கள் முதலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் திறப்பார்கள்.

அரிக்கொம்பன் கதை உங்களுக்கு மறந்திருக்காது. அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அந்த யானை இந்த ஏரிப் பக்கத்தில் திரிந்ததுதான். 2023 ஏப்ரல் 29-ம் தேதி கேரள வனத்துறை அதைச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டது. ஒரு மாதம் கூட ஆகவில்லை. மே 27-ம் தேதி காலையில் அது கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் 5-ம் தேதி தமிழக வனத்துறை பிடித்து, தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோயிற்று. ஒரு யானை போய்விட்டது என்பதற்காக அந்தக் கரை காலியாகிவிடவில்லை. அதன் கூட்டம் அங்கேயே இருக்கிறது.

ஆகவே ஏரிக்கரையில் ஓட விரும்புகிறவர்கள் மூன்று காரியங்களைக் கைக்கொள்ளுங்கள். பொழுது நன்றாக விடிந்து, தோட்ட வேலையாட்கள் நடமாடத் தொடங்கின பிறகே போங்கள். மாலை நாலு மணிக்கெல்லாம் கரையை விட்டு விலகிவிடுங்கள். காதில் பாட்டுக் கேட்கிற கருவியை மாட்டாதீர்கள்; கிளை முறிகிற சத்தம்தான் அங்கே உங்களுக்கு எச்சரிப்பு. பாதையில் ஈரம் காயாத சாணம் கிடந்தால், அல்லது தோட்டத் தொழிலாளி ஒருவர் கையை உயர்த்தி "போகாதே" என்றால், வந்த வழியே திரும்புங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி, திரும்புங்கள். யானையை ஓடி ஜெயித்த ஓட்டக்காரன் கிடையாது.

மூன்றாவது, நம்முடைய மலைக்கு இரண்டு முகங்கள் உண்டு.

போடி நகரம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் 7,000 அடிக்கும் மேலே. அதற்கு அருகே நிற்கிற மீசைப்புலிமலை 2,640 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. போடியில் வேர்த்துக் கொட்டுகிற அதே நேரத்தில் கொழுக்குமலையில் பல் கிட்டித்துப்போகலாம். காற்றும் மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மேற்கே, ஏரி இருக்கிற பக்கம், தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. அதனால்தான் அங்கே ஏலம் விளைகிறது. கிழக்கே, நம்முடைய பக்கம், மழை மறைவுப் பிரதேசம். மலை முகட்டைத் தாண்டினவுடனே பச்சை குறைந்து, ஆள் உயரப் புல் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் அந்தப் புல் சருகாகக் காய்ந்து நிற்கும். உங்களுடைய வட்டப் பாதை இந்த இரண்டு முகங்களையும் தொட்டுப் போகிறது. காலையில் ஈரமான ஏரிக்கரையில் அட்டைக் கடி வாங்கினவர்கள் அதே மதியத்தில் தீப்பெட்டி போன்ற புல் சரிவில் இறங்கக்கூடும். பாதி வழியில் மலை வேறு மலையாக மாறிவிடுகிறது. இதை அறியாமல் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

2018 மார்ச் 11-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த இரண்டு மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வாலிபர்கள், பெண்கள் அதிகம். படித்து நல்ல வேலையில் இருந்தவர்கள், உடலில் பலமுள்ளவர்கள். அந்தப் புல் சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. ஒன்பது பேர் மலையிலேயே மாண்டார்கள். மற்றவர்களைக் குரங்கணி, கொட்டகுடி ஜனங்கள்தான் முதலில் ஓடிப்போய்த் தேடினார்கள். போர்வையில் போட்டுச் சுமந்தார்கள். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் பிறகு வந்து சேர்ந்தார்கள். போடியிலும் தேனியிலும் மதுரையிலும் சிகிச்சை கொடுத்தும், நாட்கள் செல்லச் செல்ல ஒவ்வொருவராகப் போய், மொத்தம் 23 பேர் மரித்தார்கள்.

அந்தக் குடும்பங்களின் துக்கத்தை ஒரு பாடமாகப் பேசவே நா கூசுகிறது. ஆனால் பேசாமல் விட்டால் அடுத்த பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

தீ ஏன் அவ்வளவு வேகமாக வந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள். சமதரையில் தீயின் வெப்பம் மேலே போய்விடும். சரிவில் அப்படியல்ல, ஜுவாலை மேலேயிருக்கிற புல்லின்மேல் சாய்ந்து, அதை முன்கூட்டியே காயவைத்துச் சூடாக்கிவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் ஏறிவருகிற தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இருபது டிகிரியில் நாலு மடங்கு. மனிதனோ சரிவில் ஏற ஏற வேகம் குறைந்து போகிறான். ஆகவே கீழிருந்து வருகிற தீக்கு முன்னே மேல்நோக்கி ஓடித் தப்ப முடியாது. ஓடைப் பள்ளமும் இடுக்கும் ஒளிந்துகொள்ள நல்ல இடம்போலத் தெரியும். உண்மையில் அவை புகைபோக்கி மாதிரி தீயை உள்ளே இழுக்கும். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பெரும் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகின நிலத்துக்கோ போவதுதான் வழி. கருகின இடத்தில் மறுபடி எரிய ஒன்றும் இருக்காது.

ஓட்டக்காரர்கள் உடுத்துகிற பளபளப்பான செயற்கை நூல் துணி வேர்வையில் சீக்கிரம் காயும். மழைக்கும் குளிருக்கும் நல்லது. ஆனால் தீயில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி அப்படி உருகாது. ஆனால் நனைந்தால் குளிரில் உயிரை வாங்கும். எந்தத் துணி நல்லது என்று எங்களைக் கேட்டால், தீக்காலத்தில் அந்தப் பக்கம் போகாதிருப்பதே நல்லது என்போம்.

குரங்கணிக்குப் பிறகு அரசாங்கம் 2018-லேயே மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முறைப்படி திறந்தார்கள். நம்முடைய குரங்கணி - சாம்பலாறு பாதை அதில் ஒன்று. முன்பதிவு உண்டு, மலையிலேயே வாழ்கிறவர்களைப் பழக்கி வழிகாட்டிகளாக அனுப்புகிறார்கள். 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, தீக்காலம் என்று அவற்றை மூடி வைத்தார்கள். மூடின வாசலை மதியுங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கிற கூலியைக் கணக்குப் பார்க்காதீர்கள். ஷூவுக்கு ஆறாயிரம் ரூபாய் கொடுக்கிற நாம், வழி காட்டுகிறவருக்கு அறுநூறு கொடுக்க யோசிப்பது நியாயமா?

தீயைப் பற்றிச் சொன்னோம். குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீன தேசத்தில் கான்சு மாகாணத்தில் 2021 மே 22-ம் தேதி 100 கிலோமீட்டர் மலையோட்டப் பந்தயம் ஒன்று நடந்தது. 172 பேர் கலந்துகொண்டார்கள். தேர்ந்த வீரர்களும் அவர்களில் இருந்தார்கள். மதியத்துக்குள் காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்து, குளிர் தாங்காமல் 21 பேர் மாண்டார்கள். அந்த இடத்தின் உயரம் நம் கொழுக்குமலை அளவுதான். ஆனால் பலர் மெல்லிய அரைக்கால் சட்டையோடு ஓடியிருந்தார்கள். அங்கே ஆறு பேரைக் காப்பாற்றினது யார் தெரியுமா? ஆடு மேய்க்கிற ஒரு மனிதர். குகையில் நெருப்பு மூட்டி, விறைத்துக் கிடந்தவர்களை ஒவ்வொருவராக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். குரங்கணியில் தீயிலே கைகொடுத்தவர்களும் மலை ஜனம். கான்சுவில் குளிரிலே கைகொடுத்தவரும் மலை ஜனம். தேசம் வேறு, பாஷை வேறு. மலையில் உயிர் தப்புகிற வழி எங்கும் ஒன்றுதான்.

நாலாவது, உங்கள் சரீரத்தைப் பற்றி. இது எங்கள் தொழில் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஏறுவதுதான் கடினம் என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கமோ தசையைக் கிழிக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் படி இறங்க முடியாது. பழக்கமில்லாதவர் அளவுக்கு மிஞ்சி இறங்கினால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கறுத்து, காபி டிகாஷன் நிறத்தில் போனால் வீட்டில் படுத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வலி வருமுன்னே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி. குறைவாகக் குடித்தாலும் கேடு. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் கேடு. உப்பு நீர்த்துப்போனால் தலை கிறுகிறுக்கும், வாந்தி வரும், புத்தி தடுமாறும், வலிப்பும் வரலாம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ கடலை உருண்டையோ கூடவே எடுத்துப்போங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் இரத்தசோகை பெண்களிடம் மிகவும் அதிகம். "என்னால் முடியவில்லை, எனக்குச் சக்தி இல்லை" என்று பாதியில் நிற்கிற பிள்ளைக்கு மனபலம் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம். பயிற்சி தொடங்குமுன்னே ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தவர்கள், குடும்பத்தில் சிறு வயதிலேயே திடீர் மரணம் கண்டவர்கள், ஆண்களானாலும் பெண்களானாலும், இருதயத்தைப் பரிசோதிக்காமல் மலை ஏறவேண்டாம்.

பாம்பைப் பற்றிக் கேட்பீர்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை ஒடிந்த எலும்பைப்போல அசையாமல் வைத்து, ஆளைச் சுமந்துகொண்டு வாருங்கள், நடக்கவிடாதீர்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்கிற நான்குக்கும் வேலை செய்யும். ஏலத் தோட்டத்தில் செடியோடு செடியாகக் கிடக்கிற குழிவிரியன் வகைகளுக்கு அந்த மருந்து ஏற்றதல்ல. அதனால்தான் கடித்தது எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் போதும். அதைத் துரத்திப் பிடித்து, பையில் போட்டு எங்களுக்குக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டாம்!

தீக்காயம் பட்டால் ஓடுகிற சுத்தமான தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றுங்கள். மையும் மாவும் பற்பசையும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, புறப்படும் முன்னே செய்ய வேண்டியதைப் பற்றி.

ஐரோப்பாவில் மோன் பிளாங்க் என்கிற மலையை மூன்று தேசங்கள் வழியாக முழுச் சுற்று சுற்றி ஓடுகிற பந்தயம் 2003-ம் வருஷமுதல் நடக்கிறது. சுமார் 170 கிலோமீட்டர். ஏற்றம் மட்டும் ஏறக்குறைய 10,000 மீட்டர். உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்கள் ஓடுகிற அந்தப் பந்தயத்திலும், மழைச்சட்டை, நெற்றி விளக்கு, விசில், உடம்பைப் போர்த்துகிற மெல்லிய பளபளப்புத் தாள் இவைகளெல்லாம் பையில் இல்லாதவர்களை ஓடவிடுவதில்லை. மிகுந்த பலமுள்ளவர்களுக்கே அப்படி ஒரு சட்டம் என்றால், நமக்கு எவ்வளவு வேண்டும்!

ஆகவே தம்பிமார்களே, தங்கைகளே, தனியாகப் போகாதீர்கள். நாலு பேராவது சேர்ந்து போங்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் அருகில் இருக்க, இருவர் இறங்கி உதவி தேடலாம். கூட்டத்தில் மெதுவாக ஓடுகிறவர் யாரோ, அவருடைய வேகம்தான் அன்றைக்கு எல்லாருடைய வேகமும். உங்கள் வட்டம் இரண்டு மாநிலங்களைத் தொடுகிறது. இரண்டு பக்கத்து வனத்துறையிடமும் கேளுங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். குரங்கணியில் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, "அண்ணே, இன்றைக்கு மேலே எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அன்றைக்கு வேண்டாம். மலை எங்கும் போய்விடாது.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் ஒளித்துவைத்துப் போகும்படி செய்துவிடாதீர்கள். சொல்லிவிட்டுப் போகிற பிள்ளையைத் தேட முடியும். சொல்லாமல் போனவனை எங்கே தேடுவது? அவர்களுடைய தாளை வாங்கி வாசியுங்கள். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். 108-ம் 112-ம் உங்கள் போனில் இருக்கட்டும். குரங்கணியில் தெரிந்தவர் ஒருவருடைய எண்ணும் இருக்கட்டும். முதலில் போய்ச் சேருகிறவர் அவராகத்தான் இருப்பார்.

பவுல் அப்போஸ்தலர் ஓட்டப் பந்தயத்தை உவமையாக எழுதினவர் என்பது உங்களுக்குத் தெரியும். தன் கடைசி நாட்களில் அவர் நினைத்துப் பார்த்தது ஓட்டத்தை எவ்வளவு வேகமாகத் தொடங்கினோம் என்பதை அல்ல; அதை முடித்தோமா என்பதைத்தான். ஏரியைச் சுற்றி ஓடுகிறவனுக்கும் அதுவே கணக்கு. வட்டம் என்பது தொடங்கின இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் வட்டம்.

நம் ஜனங்கள் வீட்டைவிட்டுப் புறப்படும்போது "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போய் வருகிறேன்" என்றுதான் சொல்வார்கள். அந்த இரண்டாவது சொல்லுக்கான ஆயத்தத்தை முழுமையாகச் செய்துவிட்டு மலைக்குப் போங்கள். போய் வாருங்கள்.